மடியில் கனம் இல்லாத மாப்பிள்ளைக்கு

கழட்டு மாப்ளே, அந்த வாட்ச்ச இங்க குடு. பயப்படாத, விழுங்கிர மாட்டேன். அண்ணாச்சி, தராசுல கெடக்க மொளகாவத்தல எடுத்துட்டு இத வைங்க. எத்தன காட்டுது? 54 கிராமா? பாத்தியா, டைட்டானியம் டைட்டானியம்னு நேத்து ராத்திரி பூரா என்னத் தூங்கவிடாமப் பீத்துனியே, ஒரு எலுமிச்சம்பழம் எடை இருக்கு. இதுவே ஒனக்குக் கனமாத் தெரியுதாம், இதவிட லேசா வேணுமாம். சரி, அரிசிச் சிப்பம் வர வரைக்கும் இந்தத் திண்ணையில குந்து. மாமன் நாலு வார்த்த சொல்லுதேன்.

என் கல்யாணத்துல மாமனார் ஒரு எச்.எம்.டி. கட்டிவிட்டாரு, எவர்சில்வர் செயினோட. கைய வீசி நடந்தா மணிக்கட்டுல கெடந்து ஆடும். அந்த ஆட்டந்தான் நான் மாப்பிள்ளைங்கறதுக்கு அத்தாட்சி. பெரிய இடத்துல தங்கத்துல கட்டுவாவ. தங்கம் தண்ணியப்போல 19 மடங்கு கனம்லா, கட்டுனவனும் கொஞ்சம் சாஞ்சேதான் நடப்பான். வெல கூடக்கூட எடை கூடும், அதுதான் நாயம்னு இத்தன நாளா இருந்தேன்.

நீ போன்ல காட்டுன சங்கதி அத அப்படியே கவுத்திட்டு. சுவிட்சர்லாந்துல ரிச்சர்ட் மில்லேன்னு ஒரு கம்பெனி, 2010-ல டென்னிஸ் ஆடுத நடாலுக்கு ஆர்.எம். 027-னு ஒண்ணு செஞ்சானுவளாம். வாரோட சேத்து 20 கிராமுக்கும் கம்மி. உள்ள ஓடுத மெஷின் மட்டும் 3.83 கிராம். ரூபாய்க் குறி போட்டு 2011-ல வந்த ஒத்த ரூவாக் காசு இருக்குல்லா, அது 3.79. கிட்டத்தட்ட ஒரு ரூவா எடைக்குள்ள ஸ்பிரிங்கு, பல்சக்கரம், அதுக்குமேல டூர்பியான்னு ஒரு குட்டி ராட்டினம். அந்த ராட்டினத்துக்கு பிரெகேன்னு ஒருத்தரு பாரிஸ்ல 1801-லயே காப்புரிமை வாங்கிட்டாராம். சட்டப்பையில நட்டமா நிக்கிற வாட்ச்சு பூமி இழுக்கதுல நேரம் தப்பிரக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு. டென்னிஸ் ஆடுதவன் கை எங்க நட்டமா நிக்கி? கேட்டா ஒனக்குக் கோவம் வரும், விட்டுருதேன்.

பொய் சொல்லப்படாது, ஒரு எடத்துல நானும் அசந்துட்டேன். 2013-ல வந்த ஆர்.எம். 27-01-ல, மெஷின நாலு பக்கமும் கம்பி கட்டித் தொங்கவிட்டிருக்கான். கம்பி தடிமன் 0.35 மில்லிமீட்டர். டென்னிஸ் மட்டையில நரம்பு கட்டுத மாதிரின்னு நீ சொன்ன. எனக்கு நம்ம வீட்டுக் கயித்துக்கட்டில்தான் ஞாவத்துக்கு வந்துச்சு. எவ்வளவு தொப்புன்னு விழுந்தாலும் கயிறு வாங்கிக்கிடும், முதுகுக்கு நோவாது. லேசா இருந்தா அடி தாங்கும்ங்கறதும் சரிதான். தென்னமரத்துல இருந்து அணில் விழுந்தா ஒடம்ப ஒதறிட்டு ஓடிரும், எரும விழுந்தா ஊரே கூடணும். பந்த ஓங்கி அடிக்கும்போது கனமான மெஷினா இருந்தா அதுவே தன்ன முறிச்சிக்கிடும். அதனால அலுமினியத்தையும் லித்தியத்தையும் கலந்து செய்யுதான், ஆகாச விமானத்துக்குப் போடுத சரக்கு. வித்தைதான். இல்லங்கல.

ஆனா ஒண்ணு கவனிச்சியா? நடால் அடிக்கது எடதுகை. வாட்ச்சு கட்டுதது வலதுகை. ரெண்டு கையும் சேத்துப் புடிச்சு அடிக்க அடியும் உண்டுதான், ஒத்துக்கிடுதேன். இருந்தாலும் நீ எந்தக் கையால மவுச உருட்டுத? அந்த உருட்டுக்கு எத்தன கிராம் தாங்கும்னு நெனக்க?

இப்பக் கணக்குக்கு வருவோம். 2024-ல நடால் ஆட்டத்த விட்ட சமயத்துல 27-05 வந்துச்சே, வார் இல்லாம 11.5 கிராம், வெல 11,50,000 டாலர். தாள் பென்சில் வேண்டாம், வாயாலேயே போட்டுருதேன்: ஒரு கிராம் ஒரு லட்சம் டாலர். ஒன்றரைப் பவுன்கூடத் தேறாது மாப்ளே! நம்ம வீட்டுப் பொம்பளைய பவுனுக்கு நூறு ரூவா ஏறுனா ஒரு வாரம் பொலம்புதாவ. எடை கூடுனா வெல கூடும், அது தங்கத்துக்கு. இங்க எடை கொறைய வெல கூடுது. இன்னும் கொஞ்சம் செரமப்பட்டு எடைய முழுசா இல்லாம ஆக்கிட்டானுவன்னா, வெல என்ன ஆவும்னு நெனச்சாலே தல சுத்துது.

நம்ம டீக்கட மாஸ்டர் கையில கெடக்கே கேசியோ எப்-91டபிள்யூ, 1989-ல வந்தது, அதோட எடை 21 கிராம். நேரமும் ஒன்னோடதவிட ஒழுங்காக் காட்டும். அந்தப் பிளாஸ்டிக்குக்கும் ஆர்.எம். 27-01-ன் 18.83 கிராமுக்கும் ரெண்டு கிராம் சொச்சந்தான் வித்தியாசம். அது பாட்டரில ஓடுது மாமா, இது சுருள்வில்லுல ஓடுதுன்னு மொகத்தச் சுளிக்காத. தெரியும். பாட்டரி வாட்ச்ச லேசாச் செய்யுதது பெரிசில்ல, இரும்புச் சுருளையும் பல்சக்கரத்தையும் வச்சிக்கிட்டு அந்த எடைக்கு எறங்குததுதான் பெரிசு. கல்யாணச் சாப்பாட்டப் பூரா இலயில வச்சிக்கிட்டு வயிறு காலியா எந்திரிக்க மாதிரி.

வாட்ச்சு செய்யுத மலேசியாக்காரரு மிங் தீன்னு ஒருத்தரு இருக்காருல்லா, அவரு எல்.டபிள்யூ.01-னு மக்னீசியத்துல ஒண்ணு கொண்டாந்தாரே, வார் இல்லாம 8.8 கிராம், வெல 19,500 சுவிஸ் பிராங்க். மத்தவன் வெலையப் பாத்துட்டு இதப் பாத்தா, இவரு தர்மத்துக்குக் குடுக்க மாதிரி இருக்கு. மக்னீசியம்னா மத்தாப்புல பளீர்னு எரியுமே அதுதான். கலவையாக்கி மேல பூச்சு குடுத்திருக்காரு, தீபாவளிக்குக் கட்டலாம், பயமில்ல.

பயம்னு சொல்லவும் ஞாவம் வருது. மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு பெரியவுக சொல்லுவாவ. நடால் மடியில என்ன கனம்? 20 கிராம்கூட இல்ல. 2012-ல ஏழாவது தடவையா பிரெஞ்சு ஓபன் செயிச்ச சூட்டோட, பாரிஸ்ல அவரு தங்குன ஓட்டல் ரூம்ல வாட்ச்சு களவு போயிட்டு. போலீசு போய்த்தான் மீட்டாவ. களவாணிக்கு மட்டும் வசதி, தூக்கிட்டு ஓடக் கை வலிக்காது.

வாங்காதன்னு நான் சொல்லல. தாராளமா வாங்கு. கையில இருக்கதே தெரியாதுன்னு சொல்லுதியே, அதுதான் மொத செரமம். ஒனக்கே தெரியலன்னா ஊருக்கு எப்படித் தெரியும்? தங்க வாட்ச்சு தூரத்துல வரும்போதே பேசும். இதுக்கு நீதான் பேசணும். எத்தன கிராம், என்ன லோகம், எவன் கட்டுனான், எல்லாம் நின்னு வெளக்கணும். பாதிப்பேரு பிளாஸ்டிக்கான்னு கேப்பான். அப்ப ஒனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். வாட்ச்சுல கொறஞ்ச கனம் எங்க போய் ஏறுதுன்னு அப்பத் தெரியும், தலயத் தொட்டுப்பாரு.

இந்தா, ஒன் எலுமிச்சம்பழத்தக் கட்டிக்கோ. அந்தா சிப்பம் வந்துட்டு, ஒங்க அத்த ஒலைய வச்சிட்டு ஒக்காந்திருப்பா. எனக்கு இடுப்புப் புடிச்சிருக்கு, ஒனக்குத்தான் கை லேசா இருக்கே. தூக்கி வண்டியில வையி.