மூடிய பிறகும் நிற்கும் மேடு

கேள்வி: சுரங்கத்தில் கழுத்தில் அடிபட்டவர், ஸ்கேன் சுத்தம். ஆனாலும் வலி என்கிறார். மூளைதான் மாறிவிட்டதாம். அப்படியென்றால் மனப்பிரமைதானே?
– வாசகர், மாரிக்குப்பம்

பதில்: பிரமை என்பவர் அந்தக் கழுத்தை ஒரு நாள் இரவல் வாங்கிப் பார்க்கட்டும்! தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடியாயிற்று. அதன் கழிவான சயனைடு மேடு போய்விட்டதா? அப்படித்தான் வலியும். 2004-இல் வலி ஆய்வாளர் அப்காரியனின் குழு அளந்தபோது, நாள்பட்ட முதுகுவலிக்காரர்களின் மூளையில் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. கழுத்துவலிக்கும் இது பொருந்தும் என்றே எண்ணுகிறேன். ‘மூளை சுருங்கியதால் வலியா, வலியால் சுருங்கியதா?’ என மடக்குவீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இடுப்பு மூட்டு மாற்றி வலி நீங்கியவர்களுக்குக் குறைந்திருந்த சாம்பல்நிறப் பொருள் ஓரளவு திரும்பியிருக்கிறது. அப்படியானால் வலிதான் முதல் குற்றவாளி. மூளைக்குத் திரும்பும் வழி தெரிகிறது. நம்மூர் மேட்டுக்குத்தான் தெரியவில்லை.