கையிலேயே இருந்ததே!

லைசென்ஸ் விண்டோஸ் வாங்கக் காசில்லை. கடையில் திருட்டு விண்டோஸ் ஏற்றித் தந்தார்கள். தப்பு அவர்கள் மேலா, என் மேலா?
— வாசகர், டோல்கேட்

உங்கள் வீட்டில் யாராவது 2011-12-ல் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தார்களா? தமிழக அரசு அப்போது இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பைத் திறந்து பாருங்கள். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இருக்கும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், நம்ம சென்னையில் உருவாக்கியது. நகலெடுத்து டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கொடுங்கள். அதற்கு அனுமதி தருவதுதான் அதன் லைசென்ஸே!

தப்பு யார் மேல்? காப்பிரைட் சட்டத்தின் 63பி பிரிவு, கள்ள நகல் என்று தெரிந்தே பயன்படுத்துகிறவரையும் பிடிக்கும். 3 ஆண்டு வரை சிறை. வியாபாரத்துக்கு இல்லையென்றால் நீதிபதி அபராதத்தோடு விடலாம். எனக்கு வருத்தம் வேறு. காசில்லாத வீட்டுக்கென்றே நேர்மையாக ஒன்று வந்தும், அதைப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் பழக்கிக் கொடுக்காமல் விட்டுவிட்டோமே!