கொழுந்துக்கு யார் சோறு போடுவது?

கேள்வி: மிளகாய்ச் செடி வளர வளர ஒளிச்சேர்க்கையும் கூடிக்கொண்டே போகுமா?
– ஒரு சம்சாரி, வீரசோழன்

பதில்: செடிக்குக் கூடும், ஒவ்வோர் இலைக்கும் அப்படியில்லை. முளைவிடும்போது விதையின் சேமிப்புதான் சாப்பாடு. கொழுந்து பச்சையாக இருந்தாலும், மூத்த இலை அனுப்பும் சர்க்கரையில்தான் வளரும். நன்றாக விரிந்ததும் சம்பாதித்து ஊட்டத் தொடங்கும். அப்போதுதான் உச்ச வருமானம், பிறகு இறங்குமுகம். காய் பிடித்தால் சர்க்கரையில் பெரும்பங்கு அங்கே போய்விடும். பச்சைக் காயும் கொஞ்சம் ஒளிச்சேர்க்கை செய்யும். பழுத்துச் சிவந்தால் பச்சையத்தோடு அந்த வேலையும் போச்சு. உங்கள் ஊர் உச்சிவெயிலில் ஈரம் போதாவிட்டால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். எந்த வயது இலைக்கும் மத்தியான வருமானம் குறைச்சல்தான். கிழ இலையோ தன் தழைச்சத்தைக் கொழுந்துக்கும் காய்க்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு உதிரும். பத்திரமும் இல்லை, பங்காளிச் சண்டையும் இல்லை!