பூட்டும் சாவியும்

கோட்டையூர் வீட்டுப் பெட்டகத்துக்குப் பூட்டின்மேல் பூட்டு. மின்னஞ்சலுக்கோ பேரன் பிறந்த தேதிதான் பாஸ்வேர்ட். 2022 மே 30 முதல் பழைய அவுட்லுக், தண்டர்பேர்டில் ஜிமெயில் அதை ஏற்பதில்லை. 16 எழுத்தில் ‘ஆப் பாஸ்வேர்ட்’ கேட்கிறது. கணக்குப்பிள்ளை அதைச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டார். பாதுகாப்பு பலமாயிற்று!

இதே ஊரில்தான் ரோஜா முத்தையா, புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ்வரை சேர்த்துவைத்தார். இன்று சென்னையில் அவர் பெயரிலான நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நாமோ ‘பாப்’ முறையில் மின்னஞ்சல் கடிதங்களை ஒரே கணினியில் இறக்கி, சர்வரில் துடைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் படுத்ததும் சர்வரைத் திட்டுகிறோம்.

ஐயா, கடிதங்களைச் சர்வரிலேயே வைத்திருக்கும் ‘ஐமேப்’ உள்ள, மாதக் காசு வாங்குகிற, கூப்பிட்டால் ஆள் பேசுகிற மின்னஞ்சல் சேவையாகப் பாருங்கள். இலவசக் கடையில் யாரிடம் போய்ச் சண்டை போடுவீர்கள்?