டி.சி.யில் எல்லாம் நன்று

பள்ளியில் சஸ்பெண்ட் ஆனால் கல்லூரிக் கதவு மூடிவிடும் என்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பெற்றோர் அநியாயத்துக்குக் கவலைப்படுகிறார்கள். அரசாங்கத்தின் பெருந்தன்மை அவர்களுக்குத் தெரியவில்லை.

இரண்டு ஊரிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி உண்டு. அங்கே சேரக் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. வாத்தியார் மேல் சாக்பீஸ் வீசாமல் இருந்ததற்கு 0. இரண்டு பேர் கட்-ஆஃப் சமமானால் பாட மதிப்பெண் பார்ப்பார்கள், அப்புறம் பிறந்த தேதி. அதுவும் ஒன்றென்றால் கம்ப்யூட்டர் போட்ட ரேண்டம் எண். குருட்டு அதிர்ஷ்டத்துக்குக் கூட வரிசையில் இடம் போட்டுவிட்டு ஒழுக்கத்தை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். என்ன ஒரு நடுநிலைமை!

2022 மே மாதம் அமைச்சர் அன்பில் மகேஸ் சட்டமன்றத்தில், ஆசிரியரிடம் அத்துமீறும் மாணவரை நீக்கி, காரணத்தையும் டி.சி.யிலேயே எழுதுவோம் என்றார். அருமையான யோசனை. ஒழுக்கத்துக்கான கட்டம் பல காலமாக 'நன்று' என்ற ஒற்றைச் சொல்லோடு சும்மாதானே கிடக்கிறது.

ஆனால் தலைமையாசிரியர்கள் விவரமானவர்கள். உள்ளதை எழுதினால் வேறு பள்ளி எடுக்காது. பையன் அப்பாவோடு இங்கேயே வந்து நிற்பான். ஆகவே பெஞ்சை உடைத்தவனுக்கு 'நன்று'. தலைமையாசிரியரின் பைக்கில் காற்றைப் பிடுங்கிவிட்டவனுக்கு 'மிக நன்று'. கையெழுத்து, சீல் எல்லாம் அன்றைக்கே.

போர்டு துடைத்துக் கொடுத்த நல்ல பிள்ளையை மட்டும் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.