மணிக்கணக்கில் மீன்

கிள்ளான் ஆற்றில் இன்றைக்கு வெயில் மழை பாராமல் உட்கார்ந்திருப்பது ஓர் இயந்திரம். நெதர்லாந்து அமைப்பொன்று 2019இல் கொண்டுவந்து நிறுத்தியது. சூரிய ஒளியில் ஓடுகிறது. மிதந்து வரும் போத்தலையும் பிளாஸ்டிக் பையையும் வாரித் தொட்டியில் கொட்டிக்கொள்கிறது. அதன் ஒரு நாள் பிடி நான் ஆயுசுக்கும் பிடித்ததைவிட அதிகம். வெறுங்கையோடு வீடு திரும்பி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் கவலையும் அதற்கு இல்லை.

ஆறு அந்தக் காலத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது என்றெல்லாம் நான் சத்தியம் செய்ய மாட்டேன். மலையில் பிறந்து, கோலாலம்பூர் முழுவதையும் கழுவிக்கொண்டு, சுமார் 120 கிலோமீட்டர் ஓடி எங்கள் ஊருக்கு வந்து சேர்கிற ஆறு வேறெப்படி இருக்கும்? கோத்தா பாலத்தின் கீழ்த்தட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தால், அப்போதே தண்ணீர் தே தாரிக் நிறம்தான். 1972இல் போர்ட் சுவெட்டன்ஹாம் போர்ட் கிள்ளான் ஆனபோதும் நிறம் மாறவில்லை. ஆனால் அந்தக் கலங்கலுக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது என்று நம்ப முடிந்தது. தூண்டில்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்களுடைய உண்மையான ராஜ்யம் தோட்டத்துப் பெரிய கான்தான். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு மூங்கில் கம்பு, கொஞ்சம் தங்கூஸ், ரப்பர் செருப்பில் வெட்டிய தக்கை, மாட்டுக் கொட்டகை ஓரம் தோண்டிய மண்புழு நிறைந்த மைலோ டின், இவ்வளவோடு புறப்பட்டுவிடுவோம். நான் மட்டும் தலையில் எண்ணெய் தடவி, சீப்பால் ஒரு சுருளைச் சுருட்டி நெற்றியில் இறக்கிவிட்டுக்கொண்டுதான் கிளம்புவேன். கானுக்குப் போகும் வழியில் லயத்துப் பொதுக்குழாய் இருந்தது, அங்கே தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் இருந்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது. மீன்கள் அந்தச் சுருளைக் கண்டுகொண்டதில்லை. மற்றவர்களும்தான்.

புழுவுக்குச் செப்பாட்டும், மலாய்க்காரர்கள் புயு என்கிற பனையேறிக் கெண்டையும் கடிக்கும். ஆருவானுக்கு, அதாவது விராலுக்கு, உயிருள்ள தவளைதான் வேண்டும். கட்டைவிரல் அளவுத் தவளையின் முதுகுத் தோலில் முள்ளை மாட்டி, நீளக் கம்பால் ஆகாயத்தாமரை இடுக்குகளில் தத்தித் தத்தி விட வேண்டும். குஞ்சு மேய்க்கும் ஆருவானைக் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது: செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும்போது தண்ணீர் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கொதிப்பதுபோல் துள்ளும்; அதற்கு அடியில்தான் தாய் தகப்பன் காவல். அந்த இடத்தில் தவளை விழுந்தால் பசி இருக்கிறதோ இல்லையோ, கோபத்திலேயே ஒரே கவ்வு! பிள்ளைப் பாசத்தை வைத்து மீன் பிடிப்பது பாவம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றியதெல்லாம் புளி ஊற்றிய குழம்புதான்.

இன்று அந்தக் கானுக்குச் சிமெண்டுப் பலகை மூடி, மேலே நடைபாதை, நடைபாதையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிய ஆட்கள். புக்கிட் ராஜா போன்ற தோட்டங்களின் பேரே இப்போது வீடமைப்புப் பகுதிகளுக்குத்தான். பள்ளி விடுமுறையில் சித்தப்பா வீட்டுக்குப் போய், 'முங்கினா பொணம்தான் மிதக்கும்' என்ற எச்சரிக்கையோடு எட்ட நின்று பார்த்த சுங்கைவே ஈயக்குட்டைப் பக்கம், 1993இல் சன்வே லகூனாகி, டிக்கெட் வாங்கி முங்குகிற இடமாகிவிட்டது. கிள்ளானே 2024இல் அரச மாநகரமாகிவிட்டபோது கான் எந்த மூலைக்கு?

மீன் பிடிக்கும் ஆசை மட்டும் மாநகரமாகவில்லை. ஆகவே இப்போது கட்டணக் குளத்துக்குப் போகிறேன். பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேல் தகரக் கூரை, இரவுக்கு விளக்கு, பக்கத்திலேயே மீ கோரெங் கடை.

"அங்கிள், மூனு மணி நேரமா, அஞ்சு மணி நேரமா?"

"மீன் கடிக்கலைன்னா?"

"கடிக்கலைன்னாலும் அதே காசுதான், அங்கிள்."

பையன் மரியாதையாகத்தான் சொன்னான். ரொட்டியும் தேங்காய்ப்பாலும் பிசைந்த இரையைப் பாத்தின் மீன் கவ்வியது. நான் திணறிக் கரைசேர்த்தேன். அவன் போட்டோ எடுத்துக் கொடுத்து, மீனைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டான். அதன் உதட்டில் பழைய முள் தழும்புகள். என்னைவிட அனுபவசாலி.

ஆருவான் அங்கே கிடையாது. அது வேறெங்கோ முன்னேறிவிட்டது என்பது போன மாதம் எனக்கு ஒரு சிறு அறுவை சிகிச்சை முடிந்தபோதுதான் தெரிந்தது. காயம் ஆற ஆருவான் ரசம் என்பது இந்த நாட்டில் மூன்று இனமும் ஒத்துப்போகும் வைத்தியம். பிள்ளை பெற்றவர்களுக்கென்று லயத்தில் என்னிடமே சொல்லிவைத்துப் பிடிக்கச் சொன்னவர்கள் உண்டு. மகள் மருந்துக் கடையிலிருந்து ஒரு புட்டியை வாங்கி வந்து நீட்டினாள். ஆருவான் சாறு, கேப்சூலில். தவளையும் வேண்டாம், கம்பும் வேண்டாம். புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன்.

"எப்ப வேணும்னாலும் முழுங்கலாம்ப்பா. மீன் வாடையே அடிக்காது" என்றாள்.