வாஷியில் ஐஸ் ஹாக்கி

கிரிக்கெட் கோச்சிங்கில் நெரிசல் தாங்காத நவி மும்பை வாஷி அப்பா ஒருவர், மகனை ஐஸ் ஹாக்கியில் இறக்கினால் இந்திய அணி நிச்சயம் என்று கணக்குப் போடலாம். கணக்கு சரிதான், ஐஸ்தான் இல்லை. இங்கே ஐஸ் கட்டியைப் பார்க்க மீன் மார்க்கெட்டுக்கோ கரும்புச்சாறு வண்டிக்கோதான் போகவேண்டும், அதுவும் கோணிச் சாக்குக்குள் பாதி கரைந்து கிடக்கும்.

ஆகவே சக்கர ஸ்கேட்டும் சொசைட்டி பார்க்கிங்கும். வாட்ச்மேன் விசில் ஊதினால் ஆட்டம் முடிந்தது.

லடாக்கிலோ பெரும்பாலும் குளம் உறைந்தால்தான் சீசன். சுமார் இரண்டு மாதம். 2011-இல் தேராதூனில் கட்டிய உள்ளரங்க ரிங்க் பல வருடம் பூட்டிக் கிடந்தது. இத்தனைக்கும் நடுவே 2025-இல் பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றது. அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள்.

அப்பா முதலில் லே டிக்கெட் விலையைப் பார்க்கட்டும்.